புல்லைக் கேட்டுத் தேதி குறியுங்கள்: கான்சஸ் ஸ்பிரிங் ஹில் பண்ணை விழாக்களுக்குப் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பிரிங் ஹில் பண்ணைக்கு நாங்கள் முதல் தடவை போனது ஓர் ஆகஸ்ட் மாத மதியம், 2 மணிக்கு. இறங்கிப் பார்த்தால் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய ஒரு பெரிய வீடு, அதைவிடப் பெரிய ஒரு தொழுவம், சுற்றிலும் அடிவானம் வரைக்கும் புல். ஆள் நடமாட்டம் இல்லை. வெயில் மட்டும் மண்டையைப் பிளந்தது. அரை மணி நேரத்தில் பிள்ளைகள் காருக்குள் ஏறி ஏசியைப் போடச் சொல்லிவிட்டார்கள். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மகள் கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் பல தடவை போய்விட்டோம். பண்ணை அதேதான். நாங்கள் போகும் நாள்தான் மாறியது. அந்தப் பிழையை நீங்களும் செய்யாமல் இருக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு காலத்தில் ஏறக்குறைய 17 கோடி ஏக்கருக்கு உயரப்புல் பிரெய்ரி, அதாவது மரமில்லாத புல்வெளி, பரந்து கிடந்தது. இன்றைக்கு அதில் 4 சதவீதம்கூட மிச்சமில்லை. மற்றதெல்லாம் சோளக்காடு, சோயாக்காடு, ஊர் என்று ஆகிவிட்டது. மிஞ்சியதில் பெரும்பகுதி கிழக்குக் கான்சஸின் ஃப்ளின்ட் ஹில்ஸ் மேட்டு நிலத்தில் இருக்கிறது. ஃப்ளின்ட் என்றால் சிக்கிமுக்கிக் கல். சுண்ணாம்புக் கல்லோடு இந்தக் கல்லும் மேல்மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே கிடப்பதால் ஏர் இறங்கவில்லை. ஏர் இறங்காததால் புல் பிழைத்தது. புல் பிழைத்ததால் மாடு வந்தது. மாட்டைத் தேடிப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் ஜோன்ஸ். 1878இல் வந்தார், 1881இல் இந்த வீட்டைக் கட்டினார், 1888இல் விற்றுவிட்டுப் போய்விட்டார். பல கை மாறிய பிறகு 1996இல் இந்த இடம் 'டால்கிராஸ் பிரெய்ரி தேசியக் காப்பகம்' ஆனது. மொத்தம் 10,894 ஏக்கர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மத்திய அரசு நிலத்தை வளைத்துப் போட்டுவிடுமோ என்று உள்ளூர்ப் பண்ணைக்காரர்கள் பயந்ததால், தேசியப் பூங்காத் துறை இங்கே 180 ஏக்கருக்கு மேல் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். மிச்ச நிலம் 'தி நேச்சர் கன்சர்வன்சி' என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பெயரில் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து நடத்துகிறார்கள். இங்கே நடப்பவை அரசு விழா மாதிரி இல்லாமல் ஊர் விழா மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

படி 1: தேதி குறிப்பது

நமக்கு லீவு கிடைக்கும் நாளில் போகலாம் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. புல் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் இங்கே எல்லாம் நடக்கும்.

மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை தீ. பண்ணைக்காரர்கள் தாங்களே மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைக்கிறார்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே, காட்டெருமையை இளம்புல்லுக்கு வரவழைக்க இந்த மண்ணின் பழங்குடி மக்கள் தீ வைத்திருக்கிறார்கள். தீ இல்லையென்றால் சீக்கிரமே 'சீடர்' (cedar) என்ற ஊசியிலை மரங்கள் முளைத்துப் புல்வெளி காடாகிவிடும். இரவில் குன்றுகள் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு ஊர்ந்து போவதைச் சாலையோரம் பத்திரமான இடத்தில் நின்று பார்க்கலாம். புகை மூட்டம் பல மைல் தூரம் போகும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை ஓர் ஏப்ரலில் கூட்டிப் போனேன். சாலையின் இரண்டு பக்கமும் கரி.

"என்னடா, ஊரே எரிஞ்சு கெடக்கு?"

"அவங்களே வெச்ச தீம்மா."

அம்மா நம்பவில்லை. காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, குனிந்து சாம்பலை விரலால் விலக்கிப் பார்த்தார். அடியில் ஊசி ஊசியாகப் பச்சை. "அட, முளைச்சிருச்சே!" என்றார். அதற்குப் பிறகு வீடு, தொழுவம் எதையும் அவர் அவ்வளவு ஆர்வமாகப் பார்க்கவில்லை.

இதே பருவத்தில் விடியற்காலையில் பிரெய்ரிக் கோழிகளின் ஆட்டம் உண்டு. சேவல்கள் கழுத்துப் பக்கத்து ஆரஞ்சுப் பைகளை ஊதிக்கொண்டு, காலி பாட்டில் வாயில் ஊதினாற்போல 'ஊம்' என்று முழங்கும். விடிவதற்கு முன்பே போய் அசையாமல் உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு ஒத்து வராது.

மே, ஜூன் மாதங்கள் பூவுக்கும் கூட்டத்துக்கும். ரோடியோ (குதிரை, காளைச் சவாரிப் போட்டி), இசை, ரேஞ்சர் எனப்படும் பூங்காப் பணியாளர் கூட்டிப் போகும் நடை எல்லாம் இந்தச் சமயத்தில்தான் நெருக்கமாக வரும். முதல் தடவை போகிறவர்களுக்கு என் ஓட்டு ஜூன் முதல் வாரத்துக்கு. ஜூலை, ஆகஸ்ட்டில் போவதானால் காலை 10 மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் பிக் ப்ளூஸ்டெம் புல் ஆளுயரம் தாண்டி, செம்பு நிறத்தில் கதிர் விட்டு நிற்கும். கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழிக் கால் மாதிரி இருப்பதால் அதற்கு 'டர்க்கிஃபுட்' என்று இன்னொரு பெயர். மெக்சிகோவுக்குப் போகும் மோனார்க் பட்டாம்பூச்சிகளும் செப்டம்பரில் இந்த வழியாகத்தான் கடக்கும். கூட்டம் குறைவு, காற்றும் குளுமையாக இருக்கும். இரண்டாவது தடவைக்கு இதுதான் சரி.

குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காற்று எலும்பு வரைக்கும் போகும்.

படி 2: எது பண்ணையில், எது ஊரில்?

இதைக் குழப்பிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். பண்ணை வளாகத்துக்குள் நடப்பவை பெரும்பாலும் சின்ன அளவிலானவை: ரேஞ்சர் கூட்டிப் போகும் நடை, பழங்கால வேலைகளைச் செய்துகாட்டுவது, பழைய பள்ளிக்கூடத்தைப் பார்வைக்குத் திறந்து வைப்பது, இரவு வானம் பார்ப்பது. பெரிய கூட்டம் கூடுபவை பக்கத்தில் இருக்கும் இரட்டை ஊர்களான ஸ்ட்ராங் சிட்டியிலும் காட்டன்வுட் ஃபால்ஸிலும் நடக்கும்.

ஸ்ட்ராங் சிட்டியில் ஜூன் தொடக்கத்து வாரக் கடைசியில் ஃப்ளின்ட் ஹில்ஸ் ரோடியோ. 1938 முதல் நடந்துவருகிறது. ராபர்ட்ஸ் என்ற உள்ளூர்ப் பண்ணைக் குடும்பத்தின் கைங்கரியம் அது. அந்த வீட்டுப் பிள்ளை கென் 1943, 44, 45 என்று மூன்று ஆண்டு தொடர்ச்சியாகக் காளைச் சவாரியில் உலகப் பட்டம் வாங்கியவர். தம்பி ஜெரால்டு 1942இலும் 1948இலும் ஒட்டுமொத்தப் பட்டம் வாங்கினார். அக்கா மார்ஜும் குதிரை வித்தையில் பேர் போனவர்.

காட்டன்வுட் ஃபால்ஸில் 1873இல் கட்டிய கவுன்டி (மாவட்ட) நீதிமன்றம் இன்றும் நீதிமன்றமாகவே இயங்குகிறது. உள்ளே வால்நட் மரத்தில் செய்த சுழல் படிக்கட்டை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். அதன் முன்னே செங்கல் பாவிய அகலத் தெரு. வெள்ளிக்கிழமை மாலைகளில் உள்ளூர்க்காரர்கள் கித்தாரும் பிடிலுமாகக் கூடி வாசிக்கும் வழக்கம் இந்தத் தெருவில் உண்டு. மடக்கு நாற்காலி கொண்டுபோனால் நாமும் உட்காரலாம்.

மூன்றாவது, புல்வெளி நடுவே சிம்ஃபனி, அதாவது பெரிய வாத்தியக் குழுவின் கச்சேரி. 1994இல் இந்தக் கவுன்டியின் பெண் பண்ணையாளர் ஒருவர் தன் பிறந்தநாளுக்கு மேய்ச்சல் நிலத்தில் இசைக்குழுவை வரவழைத்து, ஊரையே கூப்பிட்டார். அந்த நினைப்பில்தான் 2006 ஜூன் மாதம் இதே காப்பகத்தில் கான்சஸ் சிட்டி சிம்ஃபனியை வைத்து முதல் பெரிய நிகழ்ச்சி நடந்தது. பொழுது சாயும் நேரம், வாசிப்புக்குப் பின்னணியாக மாட்டு மந்தையைக் கௌபாய்கள் குன்றின் மேல் ஓட்டிப் போவார்கள். பிறகு அது ஆண்டுக்கு ஒரு மேய்ச்சல் நிலம் என்று இடம் மாறியது. அதனால் இந்த ஆண்டு உண்டா, எங்கே என்று பார்த்த பிறகே ஓட்டல் அறை பதிவு செய்யுங்கள்.

படி 3: போய்ச் சேருவது, தங்குவது

கான்சஸ் சிட்டியிலிருந்து ஐ-35இல் எம்போரியா, அங்கிருந்து 50ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஸ்ட்ராங் சிட்டி, அப்புறம் 177இல் வடக்கே 2 மைல். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விச்சிட்டாவிலிருந்து ஒன்றரை மணிக்கும் குறைவு. விச்சிட்டாக்காரர்கள் கசோடேயில் 177இல் ஏறி அப்படியே வடக்கே வாருங்கள். கசோடேயிலிருந்து கவுன்சில் குரோவ் வரை 47 மைல் இந்தச் சாலைக்குக் காட்சிச் சாலை என்றே பெயர். சாலையோரம் சிமென்ட் இல்லாமல் அடுக்கிய கல் வேலிகள் வரும். 1867இல் கான்சஸ் சட்டம் போட்டு, கல் வேலி எழுப்பும் நிலக்காரருக்கு ஒரு ராடுக்கு, அதாவது பதினாறரை அடிக்கு, 40 சென்ட் கொடுத்தது. அந்தக் கற்களில் பல இன்னும் அடுக்கு குலையாமல் நிற்கின்றன.

ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். ஒரு தடவை அது எங்களைச் சரளைக்கல் சாலையில் ஏழு மைல் இழுத்துப் போய், பூட்டிய மேய்ச்சல் கேட் முன்னால் நிறுத்தி "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற நாற்பது மாடுகளும் எங்களையே பார்த்தன. பார்வையாளர் மையம் 177 சாலையிலேயே இருக்கிறது; நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டியதே இல்லை. செல்போன் சிக்னல் பள்ளங்களில் போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே கூடாரம் போட்டுத் தங்க முடியாது. ரோடியோ வாரத்தில் இரட்டை ஊர்களில் அறை கிடைப்பது அபூர்வம், எம்போரியாவில் பாருங்கள்.

படி 4: உடுப்பும் சாப்பாடும்

முழுநீளப் பேன்ட், வெளிர் நிறம், காலுறைக்குள் செருகியபடி. பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. காரணம் உண்ணியும் சிகரும். உண்ணி நமக்குத் தெரிந்ததுதான். சிகர் என்பது கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சிக்குஞ்சு. கடித்தது அன்றைக்குத் தெரியாது. மறுநாள் கணுக்காலிலும் இடுப்புப் பட்டை இறுக்கும் இடத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்து ஒரு வாரம் தூங்க விடாது. ஷார்ட்ஸோடு புல்லில் உட்கார்ந்து பிக்னிக் சாப்பிட்ட என் நண்பர் இன்று வரை பிரெய்ரி என்ற சொல்லைக் கேட்டாலே சொறிய ஆரம்பித்துவிடுவார்.

மரநிழல் கிடையாது. தொப்பிக்குக் கட்டாயம் கயிறு வேண்டும், இல்லாவிட்டால் காற்று அதை ஒக்லஹோமாவுக்கு அனுப்பிவிடும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில். ஜூனில் மதியத்துக்கு மேல் இடிமழை திரளும். மேட்டில் இருப்பதில் நீங்கள்தான் உயரம் என்பதால், இடி கேட்டதும் கட்டடத்துக்கோ காருக்கோ திரும்பிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு இது மாட்டிறைச்சி நாடு. விழாப் பந்தலில் பிரிஸ்கெட்டும் (மாட்டின் மார்புக்கறி) பர்கரும்தான் பிரதானம். சைவம் என்றால் சோளக்கதிர், பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டம். பீன்ஸில் இறைச்சித் துண்டு கிடக்கும், கேட்டு வாங்குங்கள். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவோம்.

படி 5: பண்ணைக்குள் எந்த வரிசையில் பார்ப்பது

பெரும்பாலோர் நேரே வீட்டுக்குள் போகிறார்கள். நான் தொழுவத்தில் தொடங்கச் சொல்வேன். வீடு செல்வத்தைக் காட்டும். பண்ணை எப்படி நடந்தது என்பதைத் தொழுவம்தான் காட்டும்.

மூன்று மாடி, முழுக்கச் சுண்ணாம்புக் கல், 110 அடிக்கு 60 அடி. சரிவில் செருகிக் கட்டியிருப்பதால், கீழ்த்தளத்துக்கு ஒரு பக்கம் தரையிலிருந்தே நுழையலாம். மேல்தளத்துக்குச் சாய்வுப் பாதை வழியாக வண்டியை வைக்கோலோடு ஓட்டி ஏற்றிவிடலாம். மேலே தீவனம், கீழே மிருகங்கள். தீவனத்தைத் தூக்க வேண்டியதில்லை, தள்ளினால் போதும். வெளியே காற்று ஊளையிடும்போது உள்ளே போய்ச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். ஜூனிலும் சில்லென்று இருக்கும்.

பிறகு வெளிக்கட்டடங்கள். ஊற்றுத் தண்ணீரால் பாலைக் குளிர வைத்த அறை (ஸ்பிரிங் ஹில் என்ற பெயரே ஊற்றிலிருந்து வந்தது), பனிக்கட்டி சேமித்த அறை, கோழிக் கூடு, கல்லால் கட்டிய கழிப்பிடம். கழிப்பிடத்தைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். அதற்கப்புறம் 11 அறை வீடு. உள்ளே போக முடிகிற நேரம் நாளுக்கு நாள் மாறும், மையத்தில் கேளுங்கள்.

நேரம் குறைவாக இருந்தால் வீட்டை விட்டாலும் விடுங்கள், பள்ளிக்கூடத்தை விடாதீர்கள். லோயர் ஃபாக்ஸ் க்ரீக் பள்ளி வடக்கே ஒரு குன்றின் மேல் தனியாக நிற்கும் ஒற்றை அறைக் கல் கட்டடம். 1880களில் தொடங்கி 1930 வரை நடந்தது. அதன் படியில் நின்றால் புல்லைத் தவிர கண்ணில் படுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. தன்னார்வலர்கள் வந்து திறந்து வைக்கும் வாரக் கடைசிகள் உண்டு. நாங்கள் போன அன்று நீளப் பாவாடை உடுத்திய ஒரு பெரியம்மா வாசலில் கைமணியை ஆட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லோரையும், 50 வயதுக்காரர்கள் உள்பட, வரிசையில் நிற்க வைத்து உள்ளே அனுப்பினார். என் மகள் கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்து, அவள் பெயரை எழுதச் சொன்னார். அவள் தமிழில் எழுதிக் காட்டினாள். அந்த அம்மா சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "இந்தப் பள்ளியில் இந்த எழுத்தை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்" என்றார். பிறகு குறும்பாக, சிலேட்டை எச்சில் தொட்டு அழிக்கக் கூடாது என்று அதட்டினார். அந்த ஊரிலும் அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது!

படி 6: காட்டெருமை

2009இல் தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் பூங்காவிலிருந்து 13 காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அது இப்போது பெரிய மந்தை. அவற்றின் மேய்ச்சல் வேலிக்குள்ளேயே நடைபாதை போகிறது. குறைந்தது 100 கஜம் தள்ளி நில்லுங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் மிருகம் முழுக்க மறைய வேண்டும். மறையவில்லையென்றால் நீங்கள் பக்கத்தில் போய்விட்டீர்கள். வால் நட்டுக்கொண்டால் அது எரிச்சலில் இருக்கிறது. பாதையை மறித்து நின்றால் சுற்றிப் போகலாமா என்று கணக்குப் போடாமல் வந்த வழியே திரும்புங்கள். மந்தை தொலைவில் மேய்ந்தால் கறுப்புப் புள்ளிகளாகத்தான் தெரியும், பைனாகுலர் கொண்டுபோங்கள். ட்ரோனுக்கு அனுமதி இல்லை. பூவோ கல்லோ அம்புமுனையோ எதையும் எடுத்துவரக் கூடாது.

படி 7: ரோடியோ இரவு

விதி தெரியாமல் உட்கார்ந்தால் எல்லாமே தூசியாகத்தான் தெரியும். ப்ராங்க் (துள்ளும் குதிரை), காளை இரண்டு சவாரிக்கும் 8 விநாடி. ஒரு கைதான் பிடிக்கலாம்; இன்னொரு கை மிருகத்தைத் தொட்டால் ஆட்டம் போச்சு. நூறு மதிப்பெண்ணில் பாதி சவாரி செய்பவருக்கு, பாதி மிருகத்துக்கு. சோம்பேறிக் குதிரை கிடைத்தவர் எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் ஜெயிக்க முடியாது, அதனால் எந்த மிருகம் யாருக்கு என்ற குலுக்கல் மேல்தான் எல்லோர் கண்ணும். கன்றைக் கயிறு வீசிப் பிடிப்பது விளையாட்டுக்காகக் கண்டுபிடித்ததல்ல. சூடு போடவும் மருந்து கொடுக்கவும் மேய்ச்சல் நிலத்தில் நிதமும் செய்த வேலை. கயிறு இறுகியதும் குதிரை தானாகப் பின்வாங்கி நிற்பதைக் கவனியுங்கள். கூட்டம் மனிதருக்குக் கைதட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் குதிரைக்குத் தட்டுவார்கள்.

மிருகங்களை இப்படிப் படுத்துவது சரியா என்ற கேள்வி எனக்கும் உண்டு. மனைவி கன்றுக் கயிறு வீச்சின்போது எழுந்து வெளியே போய்விடுவாள். பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்கு முன் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 8: வடக்கே அரை மணி நேரம்

பண்ணைக் கதை 1878இல் தொடங்கியதாக நினைத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கான்சஸ் என்ற பெயரே கா அல்லது கான்சா என்ற பழங்குடி மக்களுடையது. கான்சஸில் அரசு அவர்களுக்கு ஒதுக்கிய கடைசி நிலம் கவுன்சில் குரோவைச் சுற்றித்தான் இருந்தது. 1873இல் அவர்களை ஒக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜோன்ஸ் வந்தது அதற்கு 5 ஆண்டு கழித்து. இப்போது கவுன்சில் குரோவ் அருகே கா மக்களே ஒரு நிலத்தை வாங்கி, தங்கள் தலைவர் அல்லேகவாஹோ பெயரில் நினைவுப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் புனிதமாகக் கருதும் ஒரு பெரிய செம்பாறையை 1929இல் லாரன்ஸ் நகரத்துக்குத் தூக்கிப் போய், குடியேறியவர்களுக்கான நினைவுச் சின்னமாக்கியிருந்தார்கள். 2024இல் அது திரும்பி இந்தப் பூங்காவுக்கு வந்தது. சத்தம் போடாமல் நடந்து பார்க்க வேண்டிய இடம்.

படி 9: கை கொடுப்பதும், சொந்தக் கூட்டம் போடுவதும்

இரண்டு மூன்று தடவை போன பிறகு தன்னார்வலராகச் சேரலாம். பார்வையாளர் மையத்தில் கேட்டால் படிவம் தருவார்கள். பள்ளிக்கூடம் திறப்பது, பாதை சீர் செய்வது, கார் நிறுத்த வழிகாட்டுவது என்று வேலைகள் பலவிதம். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம்.

பிறந்தநாள், கல்யாணப் படம், சங்கத்துப் பிக்னிக் என்று நம் ஆட்கள் கூட்டமாகப் போக நினைத்தால், தேசியப் பூங்கா இடங்களில் இப்படிப்பட்டவற்றுக்குச் சிறப்பு அனுமதி தேவைப்படும். பல வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். ஒலிபெருக்கி, பலூன், காகிதத் தூவல் பற்றியெல்லாம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காற்றில் பறந்த பலூன் துண்டைப் பசு தின்றால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

மேய்ச்சல் கேட் விஷயம் ஒன்று. திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் கடந்ததும் மூடிவிடுங்கள். பின்னால் வருபவர் மூடுவார் என்று நினைக்காதீர்கள், அவரும் அப்படித்தான் நினைப்பார்.

இரவு திரும்பும்போது மான் குறுக்கே வரும், மெதுவாக ஓட்டுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன்பே உடுப்புகளைக் கழற்றி நேராகத் துவைக்கும் மெஷினில் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம், பிள்ளைகளின் உச்சந்தலை, இந்த மூன்று இடத்திலும் உண்ணி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.